500 ரூபாப் பொருளுக்கு டிராக்கிங் தேவையா? மலையகத்துச் சிறு விற்பனையாளருக்கான ஓர் ஒப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டிலிருந்தபடியே முகநூல் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் தோடு, பாசிமாலை, கம்பளி நூலில் பின்னிய குழந்தைத் தொப்பி, பூச்செடி விதை, படித்து முடித்த பாடநூல் என்று விற்பவர்கள் இன்று பலர். பொருள் மலிவானது; இலாபம் நூறு, இருநூறு ரூபாவைத் தாண்டுவதில்லை. அந்த இலாபத்துக்குள்ளிருந்தே பொதியின் போக்கைக் காட்டும் டிராக்கிங் இலக்கத்துக்கும் பணம் கட்டுவதா, சாதாரணத் தபாலில் முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டுப் போய்ச் சேரும் என்று நம்பியிருப்பதா என்பது இவர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் எடுக்க வேண்டிய முடிவாக இருக்கிறது. விற்கும் விலையை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுப்பது தவறு என்பதே என் கருத்து. தொலைந்த பொருளை மீண்டும் அனுப்ப நமக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும், பொதி போய்ச் சேர வேண்டிய இடம் எத்தகையது ஆகிய இரண்டையும் பார்த்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். மலையகத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே பெரியது.

டிராக்கிங் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சேவைக்குள் மூன்று தனித்தனிப் பயன்கள் அடங்கியிருக்கின்றன. பொதியைத் தபாலகத்தில் ஒப்படைத்தோம் என்பதற்கான பற்றுச்சீட்டு ஒன்று. வழியில் எந்த நிலையத்தைக் கடந்தது என்ற தகவல் இன்னொன்று. பெற்றுக்கொண்டவர் இட்ட கையொப்பம் மற்றொன்று. சாதாரணத் தபாலில் இம்மூன்றும் இல்லை. பதிவுத் தபாலில் முதலாவதும் மூன்றாவதும் உறுதியாக உண்டு. தனியார் கூரியர் நிறுவனங்கள் இரண்டாவதை முன்னிறுத்திக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான், ஏனெனில் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்குப் பொதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மனம் அமைதியடைகிறது. ஆனால் விற்பவரைக் காப்பாற்றுவது முதலாவதும் மூன்றாவதும்தான். பணம் கட்டுவதற்கு முன் இவற்றுள் எதற்காகக் கட்டுகிறோம் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை; கட்டணங்கள் எடையைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் மாறுவதால் வாசகர் தமது தபாலகத்தில் கேட்டறிந்த தொகைகளை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் சாதாரணக் கடிதத்துக்கான ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்ததை நினைத்துப் பார்த்தால், பழைய கணக்கை வைத்துக்கொண்டு விலை குறிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

ஒரு சோடித் தோடு 450 ரூபாவுக்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். மூலப்பொருளுக்கும் உறைக்கும் 150 ரூபாவும் சாதாரணத் தபாலுக்கு 100 ரூபாவும் செலவாகின்றன. பொதி தொலைந்து போனால் விற்பவருக்கு 450 ரூபா நட்டம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே போன்ற இன்னொரு சோடியைச் செய்து மீண்டும் அனுப்ப ஆவது 250 ரூபாதான். பதிவு செய்ய மேலதிகமாக 100 ரூபா ஆகுமென்றால், ஐந்து பொதிகளில் இரண்டு தொலைந்தால்தான் பதிவுக் கட்டணம் தன் செலவை ஈடுகட்டும். இருபது பொதிகளைப் பதிவு செய்து அனுப்பினால் 2,000 ரூபா கூடுதலாகச் செலவாகும். பதிவு செய்யாமல் அனுப்பி அவற்றுள் இரண்டு தொலைந்து, இரண்டையும் மறுபடி அனுப்பினாலும் 500 ரூபாதான் செலவாகும். கூரியரை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் வெளிப்படையாகிறது. கூரியருக்கு 400 ரூபா, அதாவது சாதாரணத் தபாலைவிட 300 ரூபா கூடுதலாக ஆகுமென்றால், அந்த மேலதிகத் தொகையே மறுபடி அனுப்பும் செலவைவிட அதிகம். முதல் தடவை அனுப்பிய எல்லாப் பொதிகளும் தொலைந்தாலும், தோடு விற்பவருக்குக் கூரியர் கட்டணம் கட்டுப்படியாகாது. டிராக்கிங் இருந்தால் எதுவுமே தொலையாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் டிராக்கிங் இலக்கம் ஒரு பொதியையும் தொலையாமல் காப்பதில்லை. தொலைந்த இடத்தைத் தேட உதவுகிறது, அவ்வளவுதான்.

இதே கணக்கு வேறு பொருளுக்கு வேறு விடை தரும். 3,000 ரூபாவுக்கு விற்கும் பின்னல் ஸ்வெட்டரில் நூலுக்கு மட்டும் 1,700 ரூபாவும் தபாலுக்கு 200 ரூபாவும் போகிறதென்றால், 19 பொதிகளில் ஒன்று தொலைந்தாலே பதிவுக் கட்டணம் நியாயமாகிவிடும். அத்துடன் கூலியையும் சேர்க்க வேண்டும். தோட்ட வேலை முடிந்து வந்து இரவில் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு பெண் பின்னிய ஸ்வெட்டரை இன்னொரு முறை பின்னித் தருவதென்பது அந்தப் பெண்ணின் பல இரவுகள். அவற்றை விலையில்லாதவையாக எண்ணிக் கணக்குப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது மாற வேண்டும். உழைப்பைச் சேர்த்தால், கையால் செய்த பெரிய பொருள் எதையும் பதிவு செய்யாமல் அனுப்பக் கூடாது என்ற முடிவுக்குத் தயக்கமின்றி வரலாம்.

ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் பொருள் மூன்றாவது வகை. பழைய பாடநூலோ பழைய முத்திரையோ தொலைந்தால் வேறொன்றை அனுப்ப முடியாது. பணத்தைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். 600 ரூபாப் புத்தகத்தோடு 100 ரூபாத் தபாற்செலவும் போய்விடும் என்றால், ஏழில் ஒன்று தொலையும் வாய்ப்பிருந்தால் மட்டுமே பதிவு கட்டுப்படியாகும். சாதாரணத் தபாலில் அந்த அளவுக்குத் தொலைவதில்லை என்பதால் இங்கும் சாதாரணத் தபாலே பொருந்தும். ஆனால் உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கையில் ஒரு மாணவர் கேட்டு வாங்கும் நூலாக இருந்தால் நான் பதிவு செய்தே அனுப்பச் சொல்வேன், ஏனெனில் அந்த மாணவரின் இழப்பு 600 ரூபாவில் அடங்காது.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். மலையகத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது முகவரி பற்றியது.

கொழும்பிலோ கண்டி நகரிலோ ஒரு வீட்டுக்கு இலக்கமும் வீதிப் பெயரும் இருக்கின்றன. தபால் ஊழியர் அந்தக் கதவைத் தட்டுகிறார். தோட்டங்களில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் பலவற்றுக்கு இன்றும் அப்படித் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், மேல்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தபாலகத்தின் பெயர் ஆகியவையே முகவரி. கடிதங்கள் உப தபாலகத்திலிருந்து தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, யாரேனும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்படும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதையை மலையகத்தில் கேளாதவர் இருக்க முடியாது. பல தலைமுறைகள் உழைத்த மண்ணில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாமலிருப்பது பெரிய அநீதி. சிறு விற்பனையாளர் அந்த அநீதியைத் தனியாகத் தீர்க்க முடியாது. ஆனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் தபால் வகையைத் தெரிவு செய்தால் கட்டும் பணம் வீணாகும்.

காரணம் இதுதான். டிராக்கிங் முறை பொதியை நிலையத்திலிருந்து நிலையத்துக்குப் பின்தொடர்கிறது. கொழும்பிலிருந்து ஹட்டன் வரையுள்ள வழியில் அது பெரும்பாலும் பிழையின்றி நடக்கிறது; உண்மையில் அந்த வழியில் பொதிகள் தொலைவதும் குறைவு. தோட்ட அலுவலகத்தில் ஒருவர் கையொப்பமிட்டு வாங்கியதும் பதிவேட்டில் ஒப்படைக்கப்பட்டது என்று விழுந்துவிடும். அந்த மேசையிலிருந்து லயன் வீட்டுக்குப் போகும் இறுதித் துண்டு வழியில்தான் பொதி கிடந்துவிடுகிறது, அல்லது அதே பெயருடைய வேறொருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆபத்து தொடங்கும் இடத்தில் டிராக்கிங் முடிந்துவிடுகிறது. அதன் பின்பு வாங்கியவர் பொருள் வரவில்லை என்கிறார். விற்றவரின் கைபேசி ஒப்படைக்கப்பட்டது என்று காட்டுகிறது. இருவரும் உண்மையே சொல்கிறார்கள், ஆனாலும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் தோட்டத்துக்குப் போகும் பொதிக்குப் பதிவுத் தபால் பயனற்றதா என்றால், இல்லை. அங்கே யாரோ ஒருவர் பெயர் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார் என்பது பெரிய விடயம். கிளாக்கரோ அலுவலகப் பணியாளரோ யார் வாங்கினார் என்று தெரிந்தால் வாங்கியவர் நேரே போய்க் கேட்கலாம். சாதாரணத் தபாலில் அப்படிக் கேட்பதற்கு ஆளே இல்லை. ஆகவே தோட்டங்களுக்கு அனுப்பும்போது பணம் கட்டினால் கையொப்பத்துக்காகக் கட்ட வேண்டும். கைபேசித் திரையில் நகரும் தகவலுக்காகக் கட்டுவதில் பயன் குறைவு.

ஆனால் அதைவிட மேலான வழி பணமே செலவாகாதது. விற்கும்போதே வாங்குபவரிடம் மாற்று முகவரி ஒன்றைக் கேட்டுப் பெறுவதுதான் அது. டவுனில் அவருக்குத் தெரிந்த கடை, பிள்ளையின் வகுப்பாசிரியர், நகரில் வேலை செய்யும் உறவினர் என்று பெரும்பாலானோருக்கு ஓர் இடம் இருக்கும். கடை உரிமையாளரின் சம்மதத்தோடு அவர் மூலம் என்று அவரது பெயரையும் எழுதி அனுப்பினால் பொதி தோட்ட அலுவலகத்தைத் தொடாமலே கைக்கு வந்துவிடும். உப தபாலகத்தில் தாமே வந்து பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு செய்துகொள்பவர்களும் உண்டு. இது கைகூடாத இடத்தில் முகவரியை முழுமையாக எழுத வேண்டும்: பெயரோடு தந்தையின் அல்லது கணவரின் பெயர், பிரிவு, லயன் இலக்கம் இருந்தால் அது, தோட்டம், தபாலகம், ஐந்து இலக்கத் தபாற் குறியீடு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைபேசி இலக்கம். ஒரே பிரிவில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பது வழக்கம். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000 என்ற குறியீடுகளை எழுதுவோர் குறைவு. எழுதினால் தரம் பிரிப்பவருக்கு உதவியாக இருக்கும். மூலையில் தெளிவாக எழுதிய ஒரு கைபேசி இலக்கம், என் கருத்தில், இந்த விலைப் பொருளுக்குப் பெரும்பாலான டிராக்கிங் சேவைகளைவிடப் பயன் தரும். பொதி எவர் கையில் தங்கியிருந்தாலும் அவர் ஓர் அழைப்பு எடுத்தால் போதும்.

தனியார் கூரியர் நிறுவனங்கள் நகரத்தில் விரைவாக இருக்கின்றன. வீட்டு வாசல் வரை வருகின்றன. தோட்டத்துக்குள் போகும் குண்டும் குழியுமான பாதையில், ஒரேயொரு பொதிக்காக மோட்டார் சைக்கிளில் ஏற அவர்களது ஊழியர் தயங்குவதும், டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைப்பதும் நடக்கின்றன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கும் நாளுக்கு இத்தனை பொதி என்ற கணக்கு இருக்கும். ஆனால் வாங்குபவர் அரைநாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்து டவுனுக்கு இறங்கி வர வேண்டுமென்றால், வாசல் வரை என்று சொல்லி நாம் வாங்கிய 400 ரூபாவுக்கு நியாயம் இல்லை. நகரத்து வாடிக்கையாளருக்கும் விலை கூடிய பொருளுக்கும் கூரியர் பொருந்தும். பஸ் நடத்துநரிடம் பொதியைக் கொடுத்து அவரது கைபேசி இலக்கத்தை வாங்கி அனுப்பிவிடும் பழைய வழி ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் இன்றும் நடக்கிறது. ஒரே நாளில் சேரும்; ஆனால் தொலைந்தால் எழுத்தில் எதுவுமில்லை, வாங்குபவர் குறித்த நேரத்தில் தரிப்பிடத்தில் நிற்கவும் வேண்டும்.

பொருள் கையில் கிடைத்ததும் பணம் கொடுக்கும் முறையைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இலங்கையில் முகநூலில் வாங்குவோர் பலர் அதையே விரும்புகிறார்கள், தபால் திணைக்களமும் தனியாரும் அதை வழங்குகிறார்கள். வாங்குபவருக்கு அதில் நம்பிக்கை கிடைக்கிறது. விற்பவருக்கோ, மறுக்கப்பட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு பொதியும் போகவர இருவழிச் செலவாக விழக்கூடும். மலிவான பொருளில் நூறு ரூபா அளவில் இலாபம் பார்ப்பவருக்கு, திரும்பி வரும் ஒரு பொதி சில விற்பனைகளின் இலாபத்தை எடுத்துப் போய்விடும். ஆயிரம் ரூபாவுக்குக் குறைந்த பொருளுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பணமாகத் தபாற்செலவை மட்டும் வாங்கிக்கொள்வது இடைவழியாக அமையும். பொருள் வேண்டாதவர் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்.

மழைக்காலத்தையும் வேலைநிறுத்தத்தையும் மறந்து இந்த முடிவை எடுக்க முடியாது. நுவரெலியாவின் 1894 ஆம் ஆண்டுத் தபாலகக் கட்டடத்தை ஹோட்டல் ஒன்றுக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஓகஸ்ட்டிலும் வேறு கோரிக்கைகளுக்காகத் தபால் வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மண்சரிவுகளால் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் பதிவுப் பொதியும் சாதாரணப் பொதியும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. பதிவு செய்தவரிடம் இலக்கம் இருப்பதால் பின்னர் விசாரிக்க முடியும், விரைவாகப் பெற முடியாது. அந்த நாட்களில் வாங்கியவர்களுக்கு நாமாகவே முதலில் செய்தி அனுப்பிவிடுவது டிராக்கிங்கைவிட அதிகக் கோபத்தைத் தணிக்கும்.

வெளிநாட்டு விற்பனையில் கணக்கு முற்றிலும் மாறுகிறது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்புவோர், சர்வதேசத் தபாலில் ஒட்டப்படும் 13 எழுத்து இலக்கக் கோவையை வாசிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு எட்டு இலக்கங்கள், சரிபார்க்கும் இலக்கம் ஒன்று, இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். இலங்கைக்கு எல், கே. தொடக்க எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், ஈ என்றால் விரைவுத் தபால். யூ என்று தொடங்கினால் அது சுங்கத் தகவலுக்காக ஒட்டப்பட்ட குறியீடு மட்டுமே. அதைப் பின்தொடர முடியாது. கோட்டுக் குறியீடு (பார்கோட்) இருப்பதைப் பார்த்து டிராக்கிங் உண்டு என்று வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. பதிவு செய்த பொதி தொலைந்தால் அனுப்பியவர் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோரலாம். ஆகவே பற்றுச்சீட்டை அதுவரை பத்திரப்படுத்த வேண்டும். ஈபே போன்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்பவருக்கு வேறு தெரிவே இல்லை: பொருள் வரவில்லை என்று வாங்குபவர் முறையிட்டால், ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் டிராக்கிங் இல்லாத விற்பனையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அமெரிக்காவுக்குள் மட்டும் 20 டொலருக்கு உட்பட்ட சேகரிப்பு அட்டை, முத்திரை போன்றவற்றுக்கு அத்தளம் 2021 முதல் மலிவான டிராக்கிங் உறை ஒன்றை வழங்குகிறது. அதுவும் தரம் பிரிக்கும் இயந்திரத்தோடு நின்றுவிடுகிறது, வாசலில் பதிவாவதில்லை. 2025 ஓகஸ்ட் 29 முதல் 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு அமெரிக்கா தந்துவந்த சுங்க விலக்கு முடிவடைந்துவிட்டதால், அங்கே மலிவுப் பொருள் அனுப்புவது தபாற்செலவைப் பார்ப்பதற்கு முன்பே கட்டுப்படியாகாமல் போகக்கூடும்.

உள்நாட்டுக்குள் நான் சொல்லும் நடைமுறை இது. மறுபடி செய்து அனுப்பும் செலவு, உழைப்பையும் சேர்த்து, 1,000 ரூபாவுக்குக் கீழ் என்றால் சாதாரணத் தபால். ஒவ்வொரு விற்பனையிலும் 20 ரூபாவைத் தனியே ஒதுக்கி வைத்தால் தொலைவதை மறுபேச்சின்றி மறுபடி அனுப்ப அது போதுமானதாக இருக்கும். 1,000 ரூபாவுக்கு மேல் பதிவுத் தபால். 1,000 ரூபாவை ஒட்டி நிற்கும் பொருளுக்கு இரண்டு விலைகளையும் விளம்பரத்திலேயே எழுதி, பதிவுக் கட்டணத்தைச் சேர்ப்பதா என்று வாங்குபவரையே கேட்கலாம். மன அமைதி வேண்டுபவர் அந்த 100 ரூபாவைத் தாமே விரும்பிக் கட்டுவார். வரவில்லை என்று முதல் தடவை சொல்பவரை நம்பி மறுபடி அனுப்ப வேண்டும். அதே இலக்கத்திலிருந்து இரண்டாவது தடவையும் அந்த முறைப்பாடு வந்தால், அடுத்த பொதி பதிவுத் தபாலில் மட்டும், அவரது செலவில். இதற்காகப் பெயர், தொலைபேசி இலக்கம், அனுப்பிய திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, முகவரி தெரியும்படி பொதியைப் படமெடுத்து வாங்கியவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். படத்தைப் பார்த்ததும் பிரிவின் பெயர் தவறு என்று வாங்கியவரே திருத்தித் தருவதுண்டு.

பதிவுத் தபாலில் அனுப்பும்போது பெயரை மட்டும் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே கேட்டு எழுதுங்கள். வீட்டில் அழைக்கும் பெயரை எழுதி அனுப்பினால், அட்டையைக் காட்டித் தபாலகத்தில் பெற்றுக்கொள்ளப் போகிறவர் பெயர் பொருந்தவில்லை என்று வெறுங்கையோடு திரும்ப நேரிடும், பொதியும் சில நாட்களில் உங்களிடமே வந்து சேரும்.